ஒரு நூல் இடைவெளி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். கரண்ட் இல்லை. மில்லுக்கு லீவ். வீட்டுக்காரி ஸ்டெல்லாவுக்குப் பை மாற்றும் நாள்.

மலக்குடலில் இருந்த புற்றுக் கட்டியை எடுத்துவிட்டுக் குடலை ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய இடம் ஆறும்வரை மலம் வெளியேற வயிற்றில் ஒரு வாய், அதன்மேல் பை. ஆறினால் வாயை மூடிவிடுவார்கள். ஆறாவிட்டால் என்ன என்று இருவருமே பேசுவதில்லை.

பையை ஒட்டும் தட்டில் வாயின் அளவுக்கு ஓட்டை வெட்ட வேண்டும். ரோலிங் மில்லில் பைப் மூட்டு கசியாமலிருக்க கேஸ்கெட் வெட்டியே பழகிய கை. அட்டையில் அளவெடுத்து, கோடு போட்டு, துளி இடைவெளி இல்லாமல் வெட்டினேன். கச்சிதம்.

"எப்படி நம்ம ஃபிட்டிங்கு?"

"ஆமா, பெரிய இஞ்சினீரு."

மத்தியானம் ரசஞ்சோறு. அப்பளம் என் தட்டிலிருந்து திருடினாள்.

ஜூலை 9, புதன்

பையில் ரத்தம். என்னிடம் காட்டாமல் மறைத்துக்கொண்டே துணி துவைத்திருக்கிறாள். நாஷ்டாகூட இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டம்.

நர்சம்மா தட்டைப் பிரித்தார். "யாரு வெட்னது இது?"

"நான்தாம்மா. கேப்பே இல்லாம வெட்னேன்."

"அதான் தப்பு. இன்னா, இரும்பு பைப்பா இது? குடலு உப்பும், அசையும். சுத்தி கொஞ்சூண்டு எடம் உடணும். இல்லன்னா ஓரம் அறுக்கும்."

புண் சின்னதுதான், ஆறிவிடும் என்றார். எனக்குத்தான் ஆறவில்லை. கேப் இருந்தால் லீக். இத்தனை வருஷமாக அது ஒன்றுதான் தெரியும்.

திரும்பும் ரயிலில் கேட்டேன். "வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அவ்ளோ ஆசையா வெட்டிக்கினு இருந்தே. எப்படிய்யா சொல்றது?"

பைத்தியக்காரி. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இனிமேல்: சுற்றி ஒரு நூல் (அரைக்கால் இஞ்ச்) இடம். மறக்கக் கூடாது.
வாங்க: பஞ்சு, ஒட்டும் பேஸ்ட், வாழைப்பழம், அவளுக்கு நைட்டி (பூப்போட்டது வேண்டாமாம்).

ஜூலை 13, ஞாயிறு

ஒரே புழுக்கம். ரொம்ப நாள் கழித்துக் கோயிலுக்கு வரச் சம்மதித்தாள். பை தெரியாமல் புடவை மேல் துப்பட்டா வேறு. எல்லாரும் கண்மூடி மௌனமாக ஜெபிக்கும் நேரம் பார்த்துப் பைக்குள் காற்று பிரியும் சத்தம். அதை அடக்க அவளால் முடியாது. பாவம், முகமே செத்துவிட்டது. நான் பலமாக இருமினேன், முன்வரிசை திரும்பிப் பார்த்தது, வயிற்றைத் தடவி அசடு வழிந்தேன். பழி என் தலையில்.

வெளியே வந்து, "இனிமே ஊட்லயே ஜெபம் பண்ணிக்கிறேன்" என்றாள். சிரிக்கவைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

தூறல். பின்வழியாக மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒட்டிய இடம் கசிகிறதா என்று. பைப் லைனை ஓட்டுவதற்கு முன் மில்லில் நாங்களும் லீக் டெஸ்ட் பார்ப்போம். ஆனால் அங்கே ஒருநாளும் நான் கதவைப் பார்த்துக்கொண்டே ஜெபித்ததில்லை.

கசிவு இல்லை!

வரும் வழியில் பால்கோவா. அவளுக்கு ஒரு விரல். மீதி எனக்கு.

ஆகஸ்ட் 18, திங்கள்

வயிற்று வாயை மூடியாயிற்று. மயக்கத்தில், "சிலிண்டர் ஆஃப் பண்ணியா" என்கிறாள். இனிக் காற்று பிரிய வேண்டும். பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அதன்பிறகே சாப்பாடு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இல்லை. வயிறு உப்பல், ஒரு வாந்தி. டாக்டர் காதுக்குழாயை வைத்துக் கேட்டார், சீட்டில் ஏதோ எழுதிவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டில் பொன்னேரி அக்கா மணிக்கொருதரம், "ஆச்சாம்மா?" ஸ்டெல்லா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் எதிரில் ஒருமுறைகூட விட்டதில்லை, அவ்வளவு கூச்சம். பயமாக இருக்கிறது. வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

நல்ல மழை. வராந்தாவில் நடக்கவைத்துக் கூட்டிவந்து கட்டிலில் உட்காரவைத்தேன். டாக்டர் வரும் நேரம், வார்டே அமைதி. அப்போது சத்தம். நீளமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

பழக்கதோஷம், உடனே நான் பலமாக இருமிவிட்டேன்.

"இன்னாத்துக்கு இருமுற?" வார்டு முழுக்கக் கேட்கும்படி ஸ்டெல்லா சொன்னாள். "நாந்தான் உட்டேன். இதையும் நீ ஏத்துக்கினு போவாத."