பத்தியில் வராத பேச்சு

என்னங்க,

நீங்கள் இருக்கும் கரியாலூரில் டவர் கிடைக்காது என்பதால் இதை நாளைக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பத்திகளைச் சேர்த்துப் புத்தகமாக்கும் வேலை முடிந்ததா? மலைக் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறீர்களா?

பேப்பரில் இந்த வாரப் பத்தியையும் படித்தேன். நிலாவுக்கு யார் சோறு ஊட்டுவாங்க என்று பாப்பா உங்களைக் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். மூன்று வயது முடிந்தும் ஒரு வார்த்தை பேசாத பிள்ளையை வாராவாரம் பேச வைக்கிறீர்கள். ஆசையில் எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? காது நன்றாகக் கேட்கிறது, பொறுத்திருங்கள் என்றுதான் டாக்டர் சொல்கிறார். ஆனால் கடைத்தெருவில் எல்லோரும் அவளைப் பேசச் சொல்கிறார்கள். 'வெக்கப்படுறா' என்று சமாளிக்கிறேன்.

இன்றைக்கு மளிகைக்கடை அமீனுல்லா பாய் விடவில்லை. "பேப்பர்ல அம்மாம் பேச்சு பேசுற, எங்கிட்ட மட்டும் இன்னாத்துக்கு வாய மூடிக்கினு இருக்க? ஒண்ணே ஒண்ணு சொல்லு, மிட்டாய் தரேன்" என்று கன்னத்தைக் கிள்ளினார்.

பாப்பா அவர் கையைத் தட்டிவிட்டு, "போ!" என்றாள்.

கடையே திரும்பிப் பார்த்தது. நான் அங்கேயே அழுதுவிட்டேன். பாய் பயந்துபோய், "பச்சப்புள்ள சொன்னதுக்கு நான் கோச்சுக்குவனாம்மா?" என்று இரண்டு மிட்டாய் கொடுத்தார்.

புத்தகத்தில் அவள் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். இதை மட்டும் எழுதாதீர்கள். இறங்கி வந்து கேளுங்கள். உங்களையும் 'போ' என்றுதான் சொல்வாள். போய்விடாதீர்கள்.

பாப்பாவின் அம்மா