சித்ரா நிமிர்த்திய ஸ்டீரிங்

நெருப்பெரிச்சல்
புதன்கிழமை

அன்பு மகன் ஜெயபாண்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் இடது முட்டியைத் தவிர எல்லோரும் நல்ல சுகம், அங்கே பனியில் நீயும் உன் துப்பாக்கியும் விறைத்துப் போகாமல் இருக்க இருக்கன்குடி மாரியம்மாளை வேண்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். போனில் உனக்குக் கிடைப்பதே ரெண்டு நிமிஷ சிக்னல், அதில் ஒரு நிமிஷம் ஹலோ ஹலோ என்று கத்துவதிலேயே போய்விடுகிறது, அப்புறம் எங்கே விஷயம் சொல்ல. உன் பெண்டாட்டி சித்ரா இப்போது எட்டிப் பார்த்து என்ன எழுதுகிறீர்கள் அத்தை என்று கேட்டாள், மளிகைச் சீட்டு என்றேன், இவ்வளவு நீளமா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறாள்.

போன மாதம் நீ பேசியபோது, அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து சித்ரா லாரி ஓட்டுகிறாளே, அதை இந்த மாதத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள், ஆள் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னாய். அவள் பக்கத்தில்தான் நின்றாள் ராசா, ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நேரே போய்க் காய் நறுக்கினாள், அன்றைக்குப் பீன்ஸை நாங்கள் ஸ்பூனால்தான் அள்ளிச் சாப்பிட்டோம், அவ்வளவு பொடி.

அடுத்த வாரமே லாரிக்கு ஸ்டீரிங்கில் ஆட்டம் வந்துவிட்டது. ரத்தினசாமி பட்டறையில் விட்டோம், ஸ்டீரிங் பெட்டியிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் நீள ராடு, அதன் முனையில் குண்டு மாதிரி இருக்கும் பால் ஜாயிண்டு, எல்லாம் புதுசு மாட்டிக் கொடுத்தார். ஆட்டம் நின்றது, வேறொன்று வந்தது. பட்டறையில் நின்றபோது ஸ்டீரிங்கின் நடு உச்சியில் நான் வைத்த சந்தனப் பொட்டு, வண்டி நேர் ரோட்டில் போகையில் இடது கைப்பக்கம் இறங்கி உட்கார்ந்துகொண்டது. சக்கரம் நேராகப் போகிறது, ஸ்டீரிங் மட்டும் நீ சின்ன வயசில் பொய் சொல்லும்போது நிற்பாயே, அந்த மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. நான் ஒரு கூறு கெட்டவள், நேராப் பிடி தாயி என்று அவளையே சொன்னேன். ரத்தினசாமியும், வண்டி நேராத்தானுங்க போகுது, அம்மிணி பிடிக்கிற பிடிதான் கோணலுங்க என்று சிரித்தார். திரும்பப் போய்ச் சொன்னதற்கு, மேலே இருக்கும் வட்டத்தை மட்டும் கழற்றி, நேராகத் தெரிகிற மாதிரி திருப்பி மாட்டிவிட்டார். பார்வைக்குச் சரியாகிவிட்டது, ஆனால் இடது பக்கம் ஒடித்தால் ஸ்டீரிங் பாதியில் நின்றுகொள்கிறது, வண்டி முழுசாகத் திரும்புவதில்லை. நாம் லோடு இறக்கும் நிட்டிங் கம்பெனி கேட்டுக்குள் இடதுபக்கம்தான் ஒடிக்க வேண்டும், உனக்குத் தெரியும். எப்போதும் ஒரே ஒடியில் உள்ளே போகிறவள், அந்த வியாழக்கிழமை ரெண்டு தடவை ரிவர்ஸ் எடுத்தாள். பின்னால் அத்தனை டெம்போவும் ஹாரன் அடிக்கிறது. மேனேஜர் தரணீதரன் உன் அப்பாவுக்குப் போன் போட்டு, ரொம்ப மரியாதையாகத்தான், ஏனுங்க, திங்கக்கிழமைல இருந்து ஒரு ஆம்பளை டிரைவரா அனுப்புங்க, இல்லீனா நாங்க வேற வண்டி பாத்துக்கறமுங்க என்று சொல்லிவிட்டார். நீ ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், வீட்டில் நானும் ஒரு பக்கம். பாவம், அவளுக்குப் பக்கமே இல்லை.

அழுவாள் என்று பார்த்தேன். ராத்திரிச் சோற்றை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் பட்டறைக்குக் கிளம்பினாள், நானும் உன் அப்பாவும் தொற்றிக்கொண்டோம். அவள் கல்யாணத்துக்கு முன்னால் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள் இல்லையா, ரத்தினசாமியிடம் சொன்னாள் பார்:

“அண்ணே, முறுக்கிக்கிட்டு நிக்கிற டீசர்ட்ட ஐயன் போட்டு நேராக்குற வேலையத்தான் நீங்க பண்ணியிருக்கீங்க. ஐயன் போட்டா பீஸ் பாஸாயிரும், ஒரு தண்ணி கண்டா சைடு தையல் மறுபடி வயித்துக்கு வந்துரும். கோணல் மேல இல்லண்ணே, கீழ இருக்கு.”

மனுஷன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் அவள் சொன்னபடி ராடைக் கழற்றினார்கள். ஸ்டீரிங்கில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எத்தனை சுற்று என்று திருப்பினாள். எண்ணுகிற வேலையை உன் அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார், மூன்றாவது சுற்றில் டீ வந்தது, எண்ணிக்கை போயே போய்விட்டது, திரும்ப முதலிலிருந்து. அஞ்சு சுற்று. அதில் பாதி, ரெண்டரையில் நிறுத்தினாள், அதுதான் ஸ்டீரிங் பெட்டிக்கு நடு. வட்டத்தை அங்கே நேராக மாட்டி, முன்சக்கரத்தையும் நேராக வைத்துவிட்டு ராடைக் கொண்டுபோனால், ராடின் முனை எட்டவே இல்லை, ரெண்டு விரல்கடை குறைகிறது. புது ராடைப் பழசோடு வைத்து அளக்காமல், கடையில் வாங்கிய அளவிலேயே ரத்தினசாமி மாட்டியிருக்கிறார். கிளாம்பைத் தளர்த்தி, நடுவில் உள்ள குழாயைத் திருகத் திருக ராடு நீண்டது, முனை போய்த் துளையில் உட்கார்ந்தது, இறுக்கினார்கள், அவ்வளவுதான். முப்பது வருசமா ராடு மாத்தறனுங்க, ஒரு டீசர்ட்டு வந்து எனக்குச் சொல்லும்னு நெனைக்கலீங்க என்று ரத்தினசாமியே சொன்னார். நல்ல மனுஷன்தான்.

வெள்ளகோவில் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம், நானும் கேபினில் உட்கார்ந்திருந்தேன். பொட்டு நடு உச்சியில் அசையாமல் நின்றது, எனக்குத்தான் கண்ணில் தண்ணீர், தூசி என்று சொல்லிவைத்தேன். திங்கட்கிழமை, துணி ரோலைப் பாரம் ஏற்றியபடி கம்பெனி கேட்டுக்கு வந்தாள். தரணீதரன் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாராம். ஒரே ஒடி, ரிவர்ஸே இல்லை, வண்டி உள்ளே. அவர் லோடுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, டிரைவரம்மாவுக்கு ஒரு டீ சொல்லுங்க என்றாராம். லோடு இறக்குகிற ராஜ்கமல் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும், அவள் சொல்லவில்லை. அதற்கு என்ன, நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், கேட்காதவர்களுக்கு ரெண்டு தடவை.

லீவில் வரும்போது ஸ்டேஷனுக்கு லாரியில்தான் வருவாள், பேசாமல் இடப்பக்க சீட்டில் உட்கார், ஸ்டீரிங்கில் கை வைத்தால் நானே தட்டிவிடுவேன். பார்சலில் பனியன் ஆறு வைத்திருக்கிறேன், ரெண்டு ரெண்டாகப் போட்டுக்கொள், தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. நோய்நொடி இல்லாமல், நிமிர்ந்த தலையோடு நீ வீடு வந்து சேர வேண்டும், மாரியம்மா கூடவே இருப்பாள்.

ஒன்று மட்டும் மறக்காதே ஐயா. நிறுத்தச் சொல் என்று நீ சொன்னது ஸ்பீக்கரில். அடுத்த தடவை போன் வரும்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவேன், அவளைப் பக்கத்தில் நிறுத்திவைப்பேன். ஹலோவில் ஒரு நிமிஷத்தை வீணாக்காமல், எடுத்த எடுப்பில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடு. அன்றைக்கும் பீன்ஸ்தான் வாங்கி வைத்திருப்பேன், அது பொடியாவதும் ஆகாததும் உன் வாயில்தான் இருக்கிறது.

உன் அம்மா,
ரா. கருத்தம்மா