சவரிக்கு நான் பிடுங்கிய பியூஸ்

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில். சூளைக்கு உள்ளே ஒரு சூடு, வெளியே ஒரு சூடு.

இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். இருபத்துநாலு வருஷத்துக்கு முன், மாதா திருவிழா மேடையில் சவரி முதன்முதலாகக் காமெடி பண்ணியபோது கரண்டு போகவில்லை. மைக் செட்டுக்குப் போகும் பியூஸைப் பிடுங்கியது நான். விழாக் கமிட்டிச் செயலாளர் என்ற திமிர்.

காரணம், அவன் குரல். நான் பீங்கான் கம்பெனியில் செக்கிங். சுட்டு வந்த பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகக் குச்சியால் தட்டிக் காதால் கேட்பது வேலை. 'டிங்' என்றால் பாஸ். 'டொக்' என்றால் உள்ளே கீறல், குப்பை. அன்று சவரி வாயைத் திறந்தான். டொக்.

மைக் செத்தும் அவன் இறங்கவில்லை. சத்தமே இல்லாமல் நடித்தான். பஸ்ஸில் இடம் பிடிக்கும் அம்மா, கண்டக்டர், மடியில் கோழி. ஜனம் புரண்டு சிரித்தது. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் பேசாத ஐட்டம்தான். அதுவே அவன் முத்திரை.

இன்று ஃபாதர் கூப்பிட்டார். "பதினஞ்சாம் தேதி திருவிழாவுக்குச் சவரி வர்றாரு. டிவி நடிகருக்குப் பாராட்டு. மொத மேடை குடுத்தது நீங்கதானே? நீங்களே பேசிடுங்க."

அப்படி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் நான்தான். தவளை, தன் வாய்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புழுக்கம். பேச்சுக்குக் குறிப்பு:

- பக்கத்து ஊர்களான கருவேப்பிலங்குறிச்சி, நல்லூர், மங்களூர். பாட்டுக் கச்சேரிகளில் பாடகி தண்ணீர் குடிக்கும் இடைவெளியில் பத்து நிமிஷம்.
- கல்யாண ரிசப்ஷன்கள். மாப்பிள்ளை சிரித்தாலும் பிரியாணி, சிரிக்காவிட்டாலும் பிரியாணி.
- சென்னை. டிவி காமெடிப் போட்டி, இரண்டாம் சுற்றில் வெளியே. ஊர் திரும்பவில்லை. நானாக இருந்தால் அடுத்த பஸ்ஸு.
- சீரியலில் பிணம். அருமையாகப் படுத்தான். பிறகு தபால்காரர். பிறகு டாக்டர், ஒரே வசனம், "ஸாரி."
- நாலு வருஷமாக ஒரே சீரியலில் மாமனார்.

அந்த மாமனாரை என்னவென்று எழுத? ஊரைச் சிரிக்கவைத்தவன் அதில் ஒரு தடவைகூடச் சிரிப்பதில்லை. மகன் பொய் சொன்னால் சட்டைப் பித்தானைத் திருகுவான், அவ்வளவுதான். போன மாதம் மருமகள் பெட்டியோடு கிளம்பும்போது அவன் சொன்னது, "சாப்பிட்டுட்டுப் போம்மா." அழுதுவிட்டேன். மனைவி லூர்துவிடம் சளி என்றேன்.

பேக்கிங் பக்கம் இரண்டு பெண்கள்:

"அந்த மாமனாரு பேசுனா எங்க வூட்ல மிக்ஸிய நிறுத்திடுவோம்க்கா."

"கொரலு அப்படிடி. தேனு."

கேட்டபடியே தட்டினேன். மூன்று கீறல் கட்டைகளை பாஸ் பண்ணிவிட்டேன். சூப்பர்வைசர் கண்டுபிடித்தார். இந்தக் காதை நம்பித்தான் ஒருத்தன் பிழைப்பில் கை வைத்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மேகம், மழை இல்லை. லூர்துவிடம் உண்மையைச் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தக் கரண்டு கட்டு நீங்கதானா?"

"ஆமா."

"அந்த மனுசன் பத்திரிகையில 'மாதாதான் கரண்ட நிறுத்துனாங்க'ன்னு சொல்லியிருக்குது. நீங்க மாதாவா?"

கீழே சிதறிய செதிலைப் பொறுக்கினேன்.

"மேடையிலயே சொல்லிடுங்க. இல்லன்னா நான் ஏறி மைக்க வாங்கிடுவேன்."

செய்வாள். என் கௌரவம் போனால் போகட்டும், அது போன தீபாவளிச் சட்டை. ஆனால் சவரி முகம் சுருங்கினால்? மாதா கொடுத்தது என்று நம்பிக்கொண்டிருப்பவனிடம் போய், இல்லை, கமிட்டிச் செயலாளர் என்றால்?

ஆகஸ்ட் 14, வியாழன்

தூறல். தலைக்கு டை. வலது காதிலும் கொஞ்சம்.

பீரோவில் ஜெபமாலை டப்பாவுக்குள் அந்தக் கட்டை. அன்று பிடுங்கியதைத் திருப்பி மாட்டவே இல்லை. எங்கள் கம்பெனிச் சரக்குதான். தட்டினேன். டிங்.

பேச்சு ஐந்து பக்கம். கிழித்ததுபோக மிச்சம் இரண்டு வரி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நல்ல வெயில், சாயங்காலம் காற்று. சவரி தாமதம். காரிலிருந்து இறங்கி நேரே மேடை. டிவியில் பார்ப்பதைவிடக் குள்ளம். எல்லாரையும் கும்பிட்டான், என்னையும்.

மைக் முன்னால் நான். மூன்றாவது வரிசையில் லூர்து, முந்தானையைச் செருகித் தயாராக.

"அன்னைக்குக் கரண்டு போகல. நான்தான் பியூஸப் புடுங்கினேன்" என்றேன். கட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

ஃபாதர் தரையைப் பார்த்தார். பின் வரிசையிலிருந்து, "அடப்பாவி."

சவரி எழுந்து வந்தான். முகத்தில் அந்த மாமனார். என் கையிலிருந்து கட்டையை வாங்கினான், திருப்பிப் பார்த்தான், என் நெஞ்சில் வைத்து அழுத்தினான். மாட்டுகிறானாம். பிறகு வெடுக்கென்று பிடுங்கினான்.

எனக்கு எப்படிப் புரிந்ததோ. வாயை மட்டும் அசைத்தேன், சத்தம் இல்லாமல். மாட்டினான், பேசினேன். பிடுங்கினான், ஊமை. நான் திணறத் திணற அவன் அசையாமல் நின்றான். ஒரு பித்தானைத் திருகினான். கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் என் முதல் கைதட்டல், அதுவும் அவன் போட்ட பிச்சை. என்னை அடித்திருக்கலாம். ஆனால் என்னைச் சேர்த்துக்கொண்டான்.

பேச்சு கிடையாது, மறுபடி ஒரு கும்பிடு. தேருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் சென்னைக்குக் கிளம்பும் வழியில் சவரி வீட்டுக்கே வந்துவிட்டான். லூர்து புது டம்ளரில் டீ.

"அண்ணே, நல்லாருக்கீங்களா?"

தொண்டை கட்டியதுபோல இருந்தது அவன் குரல். "சளியா தம்பி?" என்றேன். சிரித்தான்.

"கரண்டு போனா டியூப்லைட்டு எரியுமாண்ணே? மேடையில எல்லாம் எரிஞ்சுது. பியூஸ் பெட்டிகிட்ட நின்னது நீங்க. அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் மாதான்னு சொன்ன?"

"உங்க பேரச் சொன்னா பத்திரிகைல போடுவாங்களா?"

லூர்து சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அந்தத் தைரியத்தில் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். உன் குரலைத் தப்பாகக் கணித்துவிட்டேன், என் காதுதான் கீறல், 'சாப்பிட்டுட்டுப் போம்மா'வுக்கு அழுதவன் நான், சளி இல்லை.

டம்ளரைக் கீழே வைத்தான்.

"அது டப்பிங்குண்ணே. சென்னையில ஒருத்தரு பேசறாரு, நேர்ல பாத்ததுகூட இல்ல. எனக்கு அன்னைக்கும் இன்னைக்கும் இதே கொரலுதான்."