காந்திமதி பேசுறேன்

பேச்சில் என்னை ஒருநாளும் ஜெயிக்க விடாத காந்திமதி அக்காவுக்கு,

லைன் கிடைத்துவிட்டது! முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் "விஷயத்துக்கு வாடி" என்று நீ அங்கிருந்தே கத்துவாய். போன செவ்வாய்க்கிழமை, நம்முடைய பதினோரு மணி டிவி நிகழ்ச்சியில், நேரலையில் பேசிவிட்டேன். அதில் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன், திட்டாதே.

நிகழ்ச்சி இன்னும் நடக்கிறது அக்கா. உன் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நான் உனக்கு ஓரகத்தியாக வந்த வருஷம் ஆரம்பித்ததுதானே? தொகுப்பாளினி அம்மாவுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. சாயம் பூசாமல் அப்படியே வந்து உட்கார்ந்தார். மறுநாளே நம் எதிர்வீட்டு லட்சுமியும் சாயத்தை விட்டாள். அந்த அம்மா எதைச் செய்தாலும் சேவூரில் நாலு பேர் செய்வார்கள், உனக்குத் தெரியாததா? விருந்தாளி பேசும்போது "அப்புறம்?" என்று தலையைச் சாய்ப்பாரே, அதை நீயே உன் வீட்டுக்காரரிடம் செய்து பார்த்தாய். "இன்னாடி, கழுத்து சுளுக்கிகிச்சா?" என்றார் மாமா.

தெருவின் டீ நேரத்தையே மாற்றினார் அந்த அம்மா. பத்தரைக்குக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் பதினோரு மணிக்குத் தறியை நிறுத்த ஆரம்பித்தார்கள். போனை எடுத்தால் மாமா பேரைச் சொல்லி, "அவரு சம்சாரம்" என்று பேசிய ஆள் நீ. அந்த அம்மா, உன்னைப் போலவே சொன்ன யாரோ ஒருத்தியிடம், "உங்க பேரைச் சொல்லுங்கம்மா" என்று மூன்று தடவை கேட்டதைப் பார்த்தாய். அன்றிலிருந்து மளிகைக் கடைக்கும் "வணக்கம், காந்திமதி பேசுறேன்" தான். கடைக்காரர், "எந்தக் காந்திமதிங்க?" என்றார். "ஒரு கிலோ துவரம் பருப்பு கேக்குற காந்திமதி" என்றாயே!

ஆனால் ஒரு கேள்விதான் உன்னைக் குடைந்தது. போன் செய்கிறவர்களிடமெல்லாம் அந்த அம்மா, "என்ன பண்றீங்க?" என்று கேட்பார். எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும், "வீட்லதான், சும்மா இருக்கேன்" என்பாள். உனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நாள் பூரா தறியில குந்திகினு நெய்யறோம். கேட்டா நம்பளும் இதத்தானடி சொல்லுவோம்? எனக்கு லைன் கெடைக்கட்டும், பட்டு நெய்யறேன்னு சொல்றேன். நாடு பூரா கேக்கட்டும்!"

ஒருநாள் கிடைக்கவும் கிடைத்தது. அந்த அம்மா, "டிவி சத்தத்தைக் குறைங்கம்மா" என்றார். நம் டிவியை நான் அணைத்துவிட்டேன். ஆனால் 'நம்ம காந்திமதி பேசுறா' என்ற சந்தோஷத்தில் தெருவே வால்யூமை ஏற்றி வைத்திருந்தது! "என்ன பண்றீங்க?" என்று கேட்டார். "நான்..." என்றாய். எட்டு வீட்டிலிருந்தும் "நான்... நான்..." என்று உன் குரல் திரும்பி வந்தது. நீ மிரண்டு போய் நிறுத்தினாய், லைன் கட்டாகிவிட்டது. லட்சுமியோடு ஒரு வாரம் பேசவில்லை நீ. அதற்கப்புறம் எத்தனை வருஷம் அழுத்தினோம் அந்த நம்பரை? சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போய்விட்டாய். அதை நினைத்தால் எனக்கு அழுகையாக வரும்.

அதனால் நீ கண்ணை மூடிய பிறகும் நான் விடவில்லை. தெருவில் கறாராகச் சொல்லி வைத்தேன்: எங்கள் வீட்டுக்கு லைன் கிடைத்தால் எல்லோரும் டிவியை அணைத்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை போனை எடுத்த பெண், "பேரு, ஊரு சொல்லுங்க மேடம்" என்றாள். "காந்திமதி, ஆரணி" என்று வந்துவிட்டது என் வாயில். சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை அக்கா. ஆரணி பக்கத்து ஊர்தானே, அது போகட்டும்; பேர்தான் தில்லுமுல்லு.

உன் கொழுந்தன் தட்டும் கரண்டியுமாகத் தெருவுக்கு ஓடினார். "அணைங்க, ஜல்தி, ஜல்தி!" டிவி அடங்கியது, தறிகளும் அடங்கின. நம் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"வணக்கம் காந்திமதி! என்ன பண்றீங்க?"

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. "வீட்லதான், சும்..." வரைக்கும் வந்துவிட்டேன்! உன் பேரை வைத்துக்கொண்டு அதைச் சொல்லலாமா? "இல்லம்மா, தப்பா சொல்றேன். பட்டு நெய்யறேன். இருபது வருஷத்துக்கு மேல நெய்யறேன். நானும் என் ஓரகத்தியும் பக்கத்துப் பக்கத்துத் தறி."

"நான் கட்டியிருக்கிறதே ஆரணிப் பட்டுதாங்க. நீங்க நெய்ததாக்கூட இருக்கலாம்" என்றார் அந்த அம்மா.

"முந்தியைக் காட்டுங்கம்மா, பாத்துச் சொல்றேன்" என்றேன். "இதோ, பாருங்க" என்று சிரித்தார். நான் எங்கே பார்ப்பது? டிவியைத்தான் அணைத்துவிட்டேனே!

போனை வைத்ததும் தெருவே வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒருத்தரும் பார்க்கவில்லை, ஒருத்தரும் கேட்கவில்லை. "இன்னாடி சொன்ன? அவங்க இன்னா சொன்னாங்க?" என்று லட்சுமி உலுக்குகிறாள். எட்டு வீட்டுக்கும் எட்டுத் தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன், உன்னிடம் என்ன மறைப்பது?

பார்த்தது ஒரே ஒருத்தர். மாமா உங்கள் அறையில் இருக்கிற டிவியை அணைக்காமல் சத்தத்தை மட்டும் அடைத்துவிட்டு, எதிரிலேயே நின்றிருக்கிறார். கண்ணெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டே வந்தார்.

"சுகுணா, கீழ எழுத்து வந்துதும்மா. காந்திமதி, ஆரணின்னு."

"முந்தி நம்ப வேலையா மாமா?"

"யாரு பாத்தா? நான் அவ பேரையேதான் பாத்துகினு இருந்தேன்."

இத்தனை வருஷமாக எந்தப் படிவத்திலும் உன் பேருக்கு நேரே 'இல்லத்தரசி' என்று எழுதிக் கொடுத்த மனுஷன் அக்கா. அன்றைக்கு டீக்கடையில், "எங்க ஊட்ல நெசவாளி" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

உன் பேரில் தைரியமாகச் சொல்லிவிட்டேன். என் பேரில் நான் இன்னும் சொல்லவில்லை, பார்த்தாயா? நாளைக்குப் பதினோரு மணிக்கு மறுபடியும் அழுத்துவேன். கிடைக்கிறவரைக்கும் அழுத்துவேன். பேரைக் கேட்டால் சுகுணா என்று சொல்வேன். என்ன பண்றீங்க என்று கேட்டால் திக்காமல், திணறாமல் சொல்வேன். இது உன்மேல் சத்தியம். இந்தத் தடவை யாரும் டிவியை அணைக்க வேண்டாம், சத்தத்தை மட்டும் அடைத்தால் போதும் என்று தெருவுக்குச் சொல்லியாகிவிட்டது.

இப்படிக்கு,
உன் ஓரகத்தி,
பட்டு நெய்கிற சுகுணா,
சேவூர்.