பச்சை பெயிண்ட் அடித்த பழைய லேத்து

என் அருமை நைனாவுக்கு,

உன் படத்துக்கு முன்னால் நின்று பேசினால் தம்பி குறுக்கே பேசுகிறான். அதனால் எழுதுகிறேன். எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

அரக்கோணம் ரோட்டில் நீ வைத்துவிட்டுப் போன லேத்து பட்டறையில் வேலைக்குக் குறைவே இல்லை. பொதட்டூர்பேட்டைத் தறிகளிலிருந்து தேய்ந்த ஷாஃப்ட்டும் பல் உடைந்த சக்கரமும் மூட்டை மூட்டையாக வருகின்றன. தம்பி குமாருக்கு ஒரே குஷி. "நாடே முன்னேறிகினு போவுதுன்னு டிவில சொல்றான். நம்ம பட்டறையில கூட்டத்தப் பாத்தியாக்கா?" என்கிறான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

புதுத் தறி வாங்கத் தைரியம் இல்லாதவன்தானே நைனா, பழைய தறியின் பாகத்தைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வருகிறான்? அடுத்த வருஷமும் துணி விற்கும் என்று நம்புகிறவன்தான் மெஷினில் காசு போடுவான், ஷெட்டை நீட்டிக் கட்டுவான். ஒரு நாட்டுக்கு நாடி பிடிப்பதென்றால் அங்கேதான் பிடிக்க வேண்டும். பஜாரில் புடவை வாங்கும் கூட்டத்தை மட்டும் பார்த்து, உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? பி.ஏ. பொருளாதாரத்தில் இதைப் பரீட்சைக்காக உருப்போட்டேன். இப்போது பட்டறை வாசலில் தினமும் பார்க்கிறேன். காசுள்ளவர்கள் கனகம்மாசத்திரம் பக்கம் மனை வாங்கிக் கல் நட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அங்கே முள்செடியைத் தவிர என்ன முளைக்கிறது, சொல்?

நம் வீட்டிலும் அதே கூத்துதான். கம்ப்யூட்டர் லேத்து ஒன்று போடலாம், கையில் இருப்பது அதற்குப் போதும் என்றேன். மனைதான் வேண்டும் என்று குமார் ஒற்றைக் காலில் நிற்கிறான். "வேல நின்னு போச்சின்னா மெஷினு துருதான் புடிக்கும். மனை எங்கியும் ஓடிடாதுக்கா." எல்லாரும் இப்படியே சொன்னால் வேலை நிற்காமல் என்ன செய்யும்? நீ மட்டும் என்ன செய்தாய்? ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அந்தப் பழைய லேத்துக்குப் பெயிண்ட் அடித்தே நீயும் காலத்தை ஓட்டினாய்.

இந்த வருஷமும் அடித்தோம். வழக்கமான சாம்பல் நிறம் கடையில் இல்லையென்று குமார் பளபளக்கும் பச்சையை வாங்கி வந்தான். பூசையன்று பொரிகடலை வாங்கிப்போக ஏழுமலை அண்ணன் வந்திருக்கிறார். பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே தறி ஓட்டுகிறாரே, அவர்தான். மாலையும் சந்தனமுமாக நின்ற லேத்தைப் பார்த்து, "புதுசாப்பா?" என்று கேட்டிருக்கிறார். இவனும் விளையாட்டுக்கு, "ஆங்ண்ணா" என்று சொல்லிவைத்திருக்கிறான். நான் உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

போன வாரம் அவர் ஸ்வீட் பெட்டியோடு வந்தார். பழைய தறியை எடைக்குப் போட்டுவிட்டுப் புதுத் தறிக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டாராம்.

"நீங்களே புது மெஷினு போட்டுட்டீங்க. வேல வரும்னு தெரியாமயா போடுவீங்க? அந்த தைரியந்தாம்மா எனக்கு."

அதே பழைய லேத்துதான், பெயிண்ட்தான் புதுசு என்று உண்மையைச் சொன்னேன். அண்ணன் லேத்துக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். பெயிண்ட் எட்டாத இடத்தில் துரு அப்படியே இருந்தது. "வூட்ல இன்னான்னு சொல்றதும்மா?" என்று மட்டும் கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

இப்போது சொல் நைனா. நம் பெயிண்டை நம்பி அந்த மனிதர் இறங்கிவிட்டார். நிஜமாகவே காசு வைத்திருக்கும் நாம் மனைக்கல்லுக்குக் காவல் இருப்பதா? அன்று சாயங்காலமே கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கம்ப்யூட்டர் லேத்துக்குச் சொல்லிவிட்டேன். குமார் என்னோடு பேசுவதில்லை. போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. துணி போகாவிட்டால் இரண்டு வீடும் தெருவுக்கு வந்துவிடும். யாராவது முதலில் இறங்கட்டும் என்று ஊரே காத்துக்கொண்டிருந்தால் எப்போது விடியும்?

மெஷின் வந்து இறங்கும் நாளில் ஏழுமலை அண்ணனைத்தான் முதலில் கூப்பிடுவேன். மாலை போடுவதற்கு முன்னால், பொட்டு வைப்பதற்கு முன்னால், மெஷினைச் சுற்றிவந்து தொட்டுப் பார்க்கும்படி அவரிடம் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

உன் மூத்த மகள்,
சாந்தி
திருத்தணி