சாக மறுக்கும் செல்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெர்மனியிலிருந்து முத்துச்செல்வி. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் பக்கத்தில் மாமா இருப்பார், அதனால்தான் கடிதம்.

என் ஆராய்ச்சி இதுதான்: உடம்பில் கெட்டுப்போன செல் தானாகவே செத்துவிட வேண்டும். ஈரல் புற்றுநோய்ச் செல்கள் அந்தக் கட்டளையைக் கேட்காமல் பெருகிக்கொண்டே போகும். அவற்றைக் கேட்க வைக்க நான் சோதிக்கும் மருந்து ஏழு மாதமாகப் பலிக்கவில்லை. போன வாரம் எல்லார் முன்னாலும் பேராசிரியர் இதைக் கைவிடச் சொன்னார். முடியாது என்றேன். பயப்படாதே, ஒரு மாதம் தந்திருக்கிறார். நேற்றுப் பார்த்தால் செல் வளர்க்கும் ஆய்வகத் தட்டில் பாதிச் செல்கள் சுருங்கிச் செத்துக் கிடந்தன! தமிழில் கத்திச் சொல்ல இங்கே ஆளில்லை.

அப்பா காரியத்தன்று மாமா, "குடிச்சே ஈரலக் கெடுத்துக்கிட்டாரு" என்றபோது நீ தலைகுனிந்திருந்தாய். அப்பா ஒரு சொட்டும் குடித்ததில்லை. அவர் ரத்தத்தில் இருந்த மஞ்சள்காமாலைக் கிருமிதான் ஈரல் புற்றுநோய்க்குக் காரணம். இனி யார் பேசினாலும், "ரிப்போர்ட் இங்கன இருக்கு, வந்து படிச்சுப் பாருங்க" என்று முகத்துக்கு நேரே சொல்.

அந்தக் கிருமி தொற்றக்கூடியது, உனக்கும் இருக்கலாம். கடிதம் கிடைத்த மறுநாளே கோவில்பட்டி பெரியாஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துப் பார். "எனக்கு ஒண்ணுமில்லட்டி" என்று தட்டிக்கழிக்காதே. இருந்தால் கட்டுப்படுத்த மாத்திரை உண்டு.

போர்த்திக்கொள்ள உன் பழைய நூல்சேலை ஒன்றைப் பார்சலில் அனுப்பு. கம்பளி இருக்கிறது, இருந்தாலும் அனுப்பு.

செல்களைப் பார்க்க நேரமாகிவிட்டது. அப்பாவுக்குக் கண்டுபிடிக்கப் பிந்திப்போனது, உனக்குப் பிந்தக் கூடாது.

உன் மகள்,
செல்வி