சைடர் குடித்த சாயங்காலம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் ஃபோனில் கத்திய கத்தலில் உங்கள் நலமும் தெரிந்தது. அத்தைக்கு மூட்டுவலி தேவலையா?

நான் கிளாஸோடு நிற்கும் படத்தை உங்கள் தம்பி காட்டியதும் "குடிகாரி" என்றீர்களே, நடந்ததைக் கேளுங்கள். இங்கே நான் வேலை பார்க்கும் லாண்டரியின் சூப்பர்வைசர் அக்கா புதுப்புது பீரும் சைடரும் வாங்கிவைத்து, ருசி பார்க்க கூட வேலை செய்யும் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். முதல் பீர் பாட்டிலைத் திறந்த வாசத்திலேயே நான் எழுந்து கதவோரம் போய்விட்டேன்.

"என்னடி, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?" என்று சிரித்தார் அக்கா. நீங்கள் வீட்டுக்குள் நுழையும் வாசம் அது என்று எப்படிச் சொல்வேன்?

"இதக் குடி, ஆப்பிள்ல செஞ்சது, பீர் மாதிரி லேசாத்தான் ஏறும்" என்று சைடரைக் கொடுத்தார். லேசான புளிப்பு, நல்ல மணம். முழுவதும் குடித்தேன். ஐந்து பெண்களும் குடித்தோம், சிரித்தோம், கிளாஸ்களைக் கழுவிவைத்துவிட்டுக் கிளம்பினோம். யாரும் யாரையும் அடிக்கவில்லை. குடித்தவர்கள் அப்படியும் இருக்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இனி இதைப் பற்றி என்னிடம் வாய் திறக்காதீர்கள்.

பாப்பாவின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஃபோனை அவளிடம் கொடுங்கள். அவள் பேசாவிட்டாலும் பிடுங்காதீர்கள், காதோடு இருக்கட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.